போன மின்சாரம் திரும்பும் வழி

சென்னை மாநகரிலிருந்து வடக்கே ஒரு ரயில் பாதை பொன்னேரியைக் கடந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்கிறது. மேற்கே மற்றொரு பாதை ஆவடியைக் கடந்து திருவள்ளூருக்குச் செல்கிறது. இவ்விரண்டு பாதைகளுக்கும் 1979-ஆம் ஆண்டில் மின்சார வசதி செய்யப்பெற்றது. தண்டவாளத்துக்கு மேலே ஒரே ஒரு மின்கம்பி நீண்டு செல்கிறது. அதில் 25,000 வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரம் வருகிறது. வண்டியின் கூரைமேல் உள்ள கருவி அக்கம்பியை உரசிக்கொண்டு மின்சாரத்தைப் பெறுகிறது, வண்டி ஓடுகிறது. நாள்தோறும் பல்லாயிரம் மக்கள் காணும் காட்சி இது. ஆயினும் இதில் ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. நம் வீட்டு விளக்குக்கு இரண்டு கம்பிகள் வேண்டியிருக்கின்றன. ரயிலுக்கு மட்டும் ஒரு கம்பி எவ்வாறு போதும்? வந்த மின்சாரம் எந்த வழியாகத் திரும்பிப் போகிறது?

கேள்வி சிறியதுதான். ஆனால் இதன் விடை ரயில் பாதையோடு நின்றுவிடுவதன்று. இவ்விரு பாதைகளின் ஓரமாகக் கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் தொழிற்பேட்டைகள் வளர்ந்திருக்கின்றன. அங்குள்ள ஆலைகளில் உலையின் வெப்பத்தை அளப்பதும், மோட்டாரின் வேகத்தை அடக்குவதும், எடையைக் கணக்கிடுவதும் இன்று கையகலமுள்ள மின்னணுப் பலகைகளே. 'சர்க்யூட் போர்டு' என்று தொழிலாளர் வழங்கும் அப்பலகையை அமைப்பவர்களுக்கும் இதே கேள்விதான் முதற்பாடம். அதற்கு விடை அறியாமல் அமைத்த பலகை மேசைமேல் ஒழுங்காக இயங்கும். ஆலைக்குள் சென்றதும் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தின் காரணத்தையும், அதைத் தவிர்க்கும் முறையையும் இப்பேச்சில் ஆராய்வோம்.

முதலில் ரயிலையே எடுத்துக்கொள்வோம். 5,000 குதிரைத்திறன் கொண்ட ஒரு மின்சார எஞ்சின் முழு வலிமையோடு இழுக்கும்போது, மேற்கம்பியிலிருந்து ஏறத்தாழ 150 ஆம்பியர் ஓட்டத்தை வாங்குகிறது. மின்சாரம் நீரைப்போல ஓரிடத்தில் பாய்ந்து அங்கேயே வற்றிவிடும் பொருளன்று. எவ்வளவு புறப்பட்டதோ அவ்வளவும் தான் பிறந்த இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவே அந்த ஓட்டம் எஞ்சினின் சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் துணைமின் நிலையத்தை நோக்கித் திரும்புகிறது. தண்டவாளமோ பூமியின்மேல் கிடப்பது. அதனால் ஓட்டத்தின் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்து, மண்ணின் வழியாகவே வீடு திரும்பப் பார்க்கிறது.

மண்ணுக்குள் அது எவ்வளவு ஆழம் பரவும்? அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய ஜான் கார்சன் என்னும் அறிஞர் 1926-ஆம் ஆண்டில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். அவர் கணக்கின்படி, விநாடிக்கு 50 முறை மாறும் மின்சாரம் நடுத்தரமான மண்ணில் திரும்பும்போது, சுமார் 900 மீட்டர் ஆழத்தில் புதைத்த ஒரு கம்பியில் திரும்புவதற்கு ஒப்பான விளைவை உண்டாக்குகிறது. தலைக்குமேல் சில மீட்டர் உயரத்தில் போகும் கம்பி ஒரு பக்கம். பாதாளத்தில் திரும்பும் ஓட்டம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே எத்தனை பெரிய இடைவெளி! போக்கும் வரவும் சேர்ந்து ஒரு மாபெரும் வளையமாகிவிடுகின்றன.

மின்னோட்டம் உள்ள வளையம் எதுவாயினும் அதனுள் காந்தப் புலம் எழும். மாறும் காந்தப் புலம் பக்கத்திலுள்ள கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும். இது 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்ட உண்மை. பாதையின் ஓரமாக ஒரு தொலைபேசிக் கம்பி சில கிலோமீட்டர் தூரம் உடன் சென்றால் போதும். ரயில் பாதை ஒரு மின்மாற்றியின் முதற்சுருளாகவும் தொலைபேசிக் கம்பி இரண்டாஞ்சுருளாகவும் ஆகிவிடும். பேசுபவர் காதில் இரைச்சல் கேட்கும். எஞ்சினின் ஓட்டம் பெரிதாயின் கம்பியைத் தொடுபவருக்கே ஆபத்தான அழுத்தமும் ஏற்படலாம்.

இதைத் தடுக்க ரயில்வேப் பொறியாளர்கள் கையாண்ட உபாயம் அழகானது. மின்கம்பம் தாங்கும் மேற்கம்பிக்கு அருகிலேயே, அதே கம்பத்தில், திரும்பும் ஓட்டத்துக்கென இன்னொரு கம்பியைக் கட்டினார்கள். ஆனால் கம்பியைக் கட்டியதனால் மட்டும் ஓட்டம் மண்ணை விட்டு அதில் ஏறிவிடாது. ஆகவே இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்துக்கு ஒன்றாக, 'பூஸ்டர்' என்னும் மின்மாற்றிகளை வைத்தார்கள். அதன் ஒரு சுருள் மேற்கம்பியோடும், மற்றொரு சுருள் திரும்பும் கம்பியோடும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். இரண்டு சுருள்களிலும் சுற்றுகள் சமம். மேலே எவ்வளவு ஓட்டம் போகிறதோ அவ்வளவு ஓட்டத்தை அது திரும்பும் கம்பியில் வலிந்து இழுக்கும். மண்ணில் அலைந்த மின்சாரம் கம்பிக்கு வந்துவிட்டது. போக்கும் வரவும் அருகருகே எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. ஒன்றின் காந்தப் புலத்தை மற்றொன்று பெரும்பாலும் அழித்துவிடுகிறது. அண்டை வீட்டுக்காரனான தொலைபேசிக்குத் தொல்லை குறைந்துவிடுகிறது. பிற்காலத்தில் செய்திகள் செம்புக் கம்பியை விட்டுக் கண்ணாடி இழைக்கு மாறின. ஒளியைச் சுமக்கும் இழையில் காந்தப் புலம் எதையும் தூண்டுவதில்லை. ஆதலால் பல இடங்களில் இந்த ஏற்பாட்டின் தேவையே குறைந்தது.

இதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்று. அதை நேயர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். மின்சாரத்துக்குப் போகும் வழியைப் போலவே திரும்பும் வழியையும் நாமே வகுத்துத் தரவேண்டும். அவ்வழி போகும் வழியை ஒட்டியே இருக்கவேண்டும். தரத் தவறினால் அது தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும்; தேடிக்கொண்ட வழி பிறருக்குத் தொல்லையாக முடியும்.

இப்பாடத்தை மனிதர் முதன்முதலில் கற்றது தொலைபேசியிலேதான். 1838-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர், தந்திக்கு ஒரு கம்பி போதும், திரும்பும் வழியாகப் பூமியே பயன்படும் என்று கண்டுபிடித்தார். பாதிக் கம்பி மிச்சமாயிற்று. உலகெங்கும் தந்தி அவ்வாறே பரவிற்று. பிறகு தொலைபேசி வந்தது. 1882-ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. உலகில் தொடக்க காலத்துத் தொலைபேசிகளும் தந்தியைப் பின்பற்றிப் பூமியையே திரும்பும் வழியாகக் கொண்டன. விளைவு என்ன? எல்லாருடைய பேச்சும் ஒரே பொதுவழியாகத் திரும்பியது. ஒருவர் பேச்சு மற்றொருவர் காதில் விழுந்தது. தந்தியின் 'கட்டுக் கடகட' ஒலியும் இடையிடையே புகுந்தது. இதற்குத்தான் 'கிராஸ்டாக்' என்று பெயரிட்டார்கள். நாம் குறுக்குப் பேச்சு எனலாம். பிற்காலத்தில் மின்னணுப் பொறியியலில் நிலைத்துவிட்ட அச்சொல், உண்மையில் மனிதர் பேச்சைக் குறித்தே பிறந்தது.

தொலைபேசியைக் கண்ட கிரஹாம் பெல்லே 1881-ஆம் ஆண்டில் பரிகாரமும் கண்டார். ஒவ்வொரு தொலைபேசிக்கும் இரண்டு கம்பிகள். அவ்விரண்டும் கயிறு திரித்தாற்போல் ஒன்றோடொன்று முறுக்கியவை. வெளியிலிருந்து வரும் தொல்லை இரண்டு கம்பிகளிலும் சமமாக விழுகிறது. கேட்கும் கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே உணர்வதால், சமமாக விழுந்த தொல்லை கழிந்துபோகிறது. இன்று கணிப்பொறிகளை இணைக்கும் கேபிளை வெட்டிப் பார்த்தால் நான்கு முறுக்கு இணைகள் தெரியும். ஒவ்வொரு இணையின் முறுக்கும் வெவ்வேறு நெருக்கம் உடையது. ஒரே நெருக்கமாயின் இணைகள் தமக்குள்ளேயே குறுக்கே பேசத் தொடங்கிவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

இனிக் கையகலப் பலகைக்கு வருவோம். கண்ணாடி நார்த் துணியும் பிசினும் சேர்த்து அழுத்திய தகடு அது. கனம் பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர். அதன்மேல் செம்பு படிந்திருக்கிறது. செம்பின் கனம் வழக்கமாக ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 35 பங்கு. வேண்டாத செம்பைக் கரைத்துவிட்டால் எஞ்சியிருக்கும் கோடுகளே கம்பிகள். ஒரு சிப்பிலிருந்து மற்றொரு சிப்புக்குச் செய்தி அக்கோட்டில் செல்கிறது. படம் வரைபவர் கண்ணுக்கு அந்தக் கோடு மட்டுமே தெரிகிறது. ஆனால் அங்கேயும் போன ஓட்டம் திரும்ப வேண்டும். அது திரும்பும் பொதுச் செம்புப் பரப்பைத்தான் 'கிரவுண்டு' என்கிறார்கள்.

பலருடைய தவறான எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. கிரவுண்டு என்றதும், எதைக் கொட்டினாலும் விழுங்கிவிடும் ஒரு குழியைப் போலக் கருதுகிறார்கள். ஒரு கோட்டை எங்காவது ஓர் ஓரத்தில் கிரவுண்டில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கிரவுண்டு குழியன்று, அது பாதை. அதில் ஒவ்வோர் ஓட்டமும் தன் மூலத்தை நோக்கி நடந்துகொண்டே இருக்கிறது. அது எந்தத் தடத்தில் நடக்கிறது என்பதே கேள்வி.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நடுவில் ஒரு கம்பியும் சுற்றிலும் செம்பு வலையும் கொண்ட தொலைக்காட்சிக் கேபிளை எடுத்துக் குதிரை லாடம்போல் வளையுங்கள். வலையின் இரு முனைகளையும் ஒரு கனமான, குட்டையான செம்புப் பட்டையால் இணையுங்கள். நடுக்கம்பி வழியாக மின்சாரத்தை அனுப்பினால், திரும்புவதற்கு அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நேரே குறுக்கே செல்லும் குட்டையான பட்டை. மற்றொன்று, லாடத்தைச் சுற்றிச் செல்லும் நீண்ட வலை. மெதுவாக மாறும் மின்சாரம் குறுக்குப் பட்டையில் செல்கிறது. மின்தடை அங்கேதான் குறைவு. மாறும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், விநாடிக்குச் சில ஆயிரம் முறை என்னும் அளவைக் கடந்ததும், ஓட்டம் குறுக்குப் பட்டையைக் கைவிட்டு, சுற்று வழியான வலைக்கே மாறிவிடுகிறது! வியப்பாக இல்லையா?

காரணம் இதுதான். விரைந்து மாறும் மின்சாரத்துக்கு மின்தடையைவிடப் பெரிய தடை, அதன் வளையம் எழுப்பும் காந்தப் புலமே. வளையம் சிறிதாயின் அத்தடை குறைவு. எனவே அது போகும் கம்பியை ஒட்டிய வழியையே நாடுகிறது. ரயில் பாதையில் பூஸ்டர் மின்மாற்றி வலிந்து செய்வித்ததை, வேகமான மின்சாரம் இங்கே தானாகவே செய்துகொள்கிறது. பலகையில் கோட்டுக்கு நேர்கீழே முழுமையான செம்புப் பரப்பு ஒன்று இருந்தால், திரும்பும் ஓட்டம் அக்கோட்டின் நிழலைப்போல அதன் அடியிலேயே ஓடிவரும். பொறியாளர் செய்யவேண்டியதெல்லாம் அந்த நிழல்வழியை மறிக்காமல் இருப்பது ஒன்றே.

ஆனால் மறிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. மற்றொரு கோட்டை நுழைக்க இடம் போதாமல் கீழ்ப் பரப்பை நீளமாகக் கீறிவிடுகிறார்கள். மேலே போகும் கோடு அக்கீறலை எளிதாகத் தாண்டிவிடுகிறது. கீழே வரும் ஓட்டமோ கீறலின் கரையில் வந்து நின்றுவிடுகிறது. ஆரணியாற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலம் மூழ்கினால், எதிர்க்கரை கண்ணெதிரே தெரிந்தும் மக்கள் பல மைல் சுற்றித்தானே வீடு சேர வேண்டும்? திரும்பும் ஓட்டமும் அவ்வாறே கீறலின் முனைவரை சுற்றி வருகிறது. சுற்றியதும் வளையம் பெரிதாகிறது. அதே கீறலைத் தாண்டும் வேறு பத்துக் கோடுகளின் ஓட்டங்களும் அதே முனையைச் சுற்றியே வருகின்றன. ஒவ்வொன்றின் காந்தப் புலமும் மற்றவற்றின் வளையங்களுக்குள் புகுகிறது. தொலைபேசியில் கேட்ட குறுக்குப் பேச்சு பலகையில் மீண்டும் பிறந்துவிட்டது.

குறுக்குப் பேச்சு இரண்டு வாயில்களால் நுழைகிறது. இப்போது கூறிய காந்தப் புலம் ஒன்று. மற்றொன்று மின்புலம். அருகருகே ஓடும் இரண்டு செம்புக் கோடுகளும் இடையிலுள்ள பிசினும் சேர்ந்து ஒரு சிறு மின்தேக்கியாகின்றன. ஒன்றில் அழுத்தம் திடீரென்று மாறினால் அம்மாற்றம் மற்றொன்றையும் சிறிது உலுக்கும். இரண்டுக்கும் பொதுவான இயல்பு, மாற்றம் எவ்வளவு திடீரென்று நிகழ்கிறதோ அவ்வளவுக்குத் தொல்லை மிகும் என்பது. ஆகவே 'என் பலகையில் கடிகாரத் துடிப்பு மெதுவானதுதானே' என்று ஒருவர் ஆறுதல் கொள்ள இயலாது. விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதைவிட, ஒவ்வொரு துடிப்பும் எத்தனை விரைவில் எழுந்து விழுகிறது என்பதே கணக்கு. இன்றைய சிப்புகளில் அது ஒரு நானோ விநாடிக்கும் குறைவாகலாம்; அதாவது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் செய்தி பலகையில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான் நகர முடியும்!

இதில் வியாபாரத்தைப் பாதிக்கும் உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. ஒரு தொழிற்கூடம் பல ஆண்டுகளாக ஒரே வடிவத்தில் பலகை செய்து விற்றுவருகிறது என்று கொள்வோம். சிப்பு செய்யும் கம்பெனி அதே எண்ணுள்ள சிப்பைப் புதிய, நுண்ணிய முறையில் செய்யத் தொடங்குகிறது. விலை குறைகிறது, எண் மாறவில்லை, ஆனால் துடிப்பு முன்னிலும் விரைந்து எழுகிறது. நேற்றுவரை குறையின்றி இயங்கிய வடிவம் இன்று காரணமின்றித் தடுமாறுவதுபோல் தோன்றுகிறது. படத்தில் ஒரு கோடும் மாறவில்லையே என்று வியக்கிறார்கள். கோடு மாறவில்லை, கோட்டில் ஓடுவது மாறிவிட்டது.

பரிகாரம் என்ன? கணக்கே வழி காட்டுகிறது. இரண்டு கோடுகளின் இடைவெளியை, கோட்டுக்கும் கீழ்ப் பரப்புக்கும் உள்ள உயரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, ஒன்றைக் கூட்டி, அதனால் ஒன்றை வகுத்தால், குறுக்குப் பேச்சின் ஒப்பளவு ஏறத்தாழக் கிடைக்கும். இரண்டே அடுக்குள்ள பலகையில் உயரம் 1.6 மில்லிமீட்டர், கோடுகளின் இடைவெளி அரை மில்லிமீட்டர் என்றால் விடை 0.91. நான்கு அடுக்குள்ள பலகையில் கீழ்ப் பரப்பை 0.2 மில்லிமீட்டர் அருகிலேயே வைத்துவிடலாம். அதே அரை மில்லிமீட்டர் இடைவெளிக்கு விடை 0.14. கோடுகளை ஒரு மயிரிழையும் நகர்த்தாமல், கிரவுண்டை அருகே கொண்டுவந்ததனாலேயே தொல்லை ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. நான்கு அடுக்குப் பலகைக்குக் கூடுதல் விலைதான். ஆனால் விற்ற பலகைகளைத் திரும்பப் பெற்றுச் செப்பனிடும் செலவோடு ஒப்பிட்டே அவ்விலையை மதிக்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் கணிப்பொறிகளைப் பிரித்துப் பழகியவர்கள் இதற்கு மற்றொரு சாட்சி கூறுவார்கள். பழைய கணிப்பொறியில் தகட்டு நினைவகத்தை இணைக்கும் நாடாபோன்ற கேபிளில் 40 கம்பிகள் இருந்தன. 1990-களின் இறுதியில், செய்தி செல்லும் வேகம் விநாடிக்கு 66 மெகாபைட்டாக உயர்ந்தபோது, அந்த நாடாவில் 80 கம்பிகள் வந்தன. ஆனால் இரு முனைகளிலும் உள்ள ஊசிகள் அதே 40 தாம். கூடுதலான 40 கம்பிகள் ஒரு செய்தியையும் சுமக்கவில்லை. ஒவ்வொரு செய்திக் கம்பிக்கும் பக்கத்தில் ஒன்றாக நின்று, திரும்பும் வழியாக மட்டுமே அவை பணி செய்தன. ஊமைபோல் நின்ற அந்த 40 கம்பிகள் இல்லாமல் மற்றவை அவ்வேகத்தில் பிழையின்றிப் பேச முடியவில்லை.

மற்றொரு தொல்லையையும் கூறவேண்டும். எட்டுக் கோடுகளை ஒரே சமயத்தில் இயக்கும் சிப்பு ஒன்று இருக்கிறது. அந்த எட்டின் ஓட்டங்களும் சிப்பின் ஒரே கிரவுண்டுக் கால் வழியாகத் திரும்புகின்றன. அக்கால் சிறியதே, ஆயினும் ஒரு நானோ விநாடியில் 20 மில்லி ஆம்பியர் மாறும்போது, அதன் தன்மின்தூண்டல் 5 நானோ ஹென்றி என்றால், அதில் பத்தில் ஒரு வோல்ட் எழும். எட்டுக் கோடுகளும் ஒன்றாக மாறினால் 0.8 வோல்ட். பல சிப்புகளில் 0.8 வோல்ட் வரைதான் 'இல்லை' என்று பொருள். அதற்கு மேற்பட்டால் பொருள் உறுதியன்று. ஆகவே கிரவுண்டே ஒரு கணம் துள்ளி எழுந்து, 'இல்லை' என்று சொல்லவேண்டிய கோட்டை 'உண்டு' என்று சொல்ல வைத்துவிடலாம். இதற்காகத்தான் சிப்பின் காலருகே சிறு மின்தேக்கியை வைப்பதும், கிரவுண்டுக் கால்களைப் பெருக்குவதும், அவற்றை உடனே கீழ்ப் பரப்பில் சேர்ப்பதும். மின்தேக்கி அடுப்படியில் வைத்த குடத்து நீரைப் போன்றது. அவசரத் தேவைக்குக் கிணற்றுக்கு ஓட வேண்டியதில்லை. குடத்தை வாசலில் வைத்தால் பயனில்லை. மின்தேக்கியையும் தொலைவில் வைத்தால் பயனில்லை.

இப்போது ஆலைக்குள் நுழைவோம். எஃகை உருக்கும் தூண்டல் உலையில் பெரும் ஓட்டம் விரைந்து மாறுகிறது. மோட்டார்களின் வேகத்தை அடக்கும் கருவிகள் மின்சாரத்தை விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. அவற்றுக்கு நடுவே வெப்பமானியிலிருந்து சில மில்லி வோல்ட் அளவுள்ள மெல்லிய குறி வரவேண்டும். மோட்டார்க் கேபிளையும் வெப்பமானிக் கம்பியையும் ஒரே தட்டில் கட்டி இழுத்துவிட்டால், ரயிலும் தொலைபேசியும் பட்ட பாட்டை இவையும் படும்.

இத்தகைய இடத்தில் பலர் நாடும் பரிகாரம் 'எர்த்தை' வலுப்படுத்துவது. உப்பும் மரக்கரியும் இட்ட குழி ஒன்றைப் புதிதாகத் தோண்டி, அதிலிருந்து பலகைக்குத் தனியே ஒரு கம்பி இழுக்கிறார்கள். இது பயன் தருமா? பத்து மீட்டர் கம்பியின் தன்மின்தூண்டல் ஏறத்தாழ 10 மைக்ரோ ஹென்றி. விநாடிக்கு 50 முறை மாறும் மின்சாரத்துக்கு அது தரும் தடை ஓர் ஓமின் ஆயிரத்தில் மூன்று பங்கே; இல்லையென்றே சொல்லலாம். விநாடிக்குப் பத்து லட்சம் முறை மாறும் மின்சாரத்துக்கோ அதே கம்பி 60 ஓமுக்கு மேற்பட்ட தடை. ஆகவே வேகமான தொல்லைக்கு அந்தக் குழி எட்டாத தொலைவில் இருக்கிறது. அதன் வீடு மண்ணன்று; அது புறப்பட்ட சிப்பே. மண்ணைத் தொடாமலே ஆகாயத்தில் பறக்கும் விமானத்தில் மின்னணுக் கருவிகள் இயங்கவில்லையா?

அப்படியானால் எர்த் வேண்டாமா என்று கேட்கலாகாது. இங்கே மிகுந்த எச்சரிக்கையோடு பேச வேண்டியிருக்கிறது. எர்த்தின் வேலை வேறு. கருவியின் இரும்புப் பெட்டியில் தவறி மின்சாரம் ஏறிவிட்டால், அதை உடனே இழுத்து, பியூசை எரித்து, தொடுபவர் உயிரைக் காப்பதே அதன் கடமை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்கென்றே 1966-ஆம் ஆண்டில் ஒரு விதிநூலை வெளியிட்டது. 1987-லும் 2018-லும் அது திருத்தப்பட்டது. இரைச்சலை ஒழிக்கிறோம் என்று எர்த் கம்பியை வெட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இரைச்சல் ஒருவேளை ஒழியலாம். ஆனால் அந்தப் பெட்டியைத் தொடும் தொழிலாளியின் உயிர் அன்றிலிருந்து அடகு வைக்கப்பட்டதாகிறது. எந்தப் பலகையின் நன்மைக்காகவும் இதைச் செய்யலாகாது. உயிர் காக்கும் எர்த் ஒன்று, குறி திரும்பும் கிரவுண்டு மற்றொன்று. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதுவதே இந்த விபரீதத்துக்குக் காரணம்.

குறுக்குப் பேச்சால் விளையும் தீங்கு எத்தகையது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பி அறுந்தால் கருவி நின்றுவிடும்; குற்றம் கண்ணுக்குத் தெரியும். குறுக்குப் பேச்சோ வாரத்துக்கு ஒரு முறை, எட்டுக் கோடுகளும் ஒன்றாக மாறி, பக்கத்து மோட்டாரும் அதே கணத்தில் புறப்படும்போது மட்டும் வெளிப்படும். எடைக்கருவி ஒரு முறை தவறான எண்ணைக் காட்டும். வால்வு ஒரு முறை தானே திறக்கும். ஆள் வந்து சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். பிறகு பழி யார்மேல் விழும்? பொத்தானை அழுத்திய தொழிலாளிமேல் விழும். நிரல் எழுதிய இளைஞர்மேல் விழும். செம்புப் பரப்பின் ஒரு கீறல் செய்த பிழைக்குச் செய்யாத மனிதர் தண்டனை பெறுவார். பலகை வரையும் மேசையில் காட்டும் கவனம், யாரோ ஒருவருடைய நற்பெயரையும் காக்கிறது என்பதை வரைபவர் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே சிறு தொழிற்கூடங்களில் பலகை வரையப் புகும் இளைஞர்கள் சில வழக்கங்களைக் கைக்கொள்வது நன்று. வேகமான கோடு ஒவ்வொன்றின் அடியிலும் கீறலற்ற செம்புப் பரப்பு இருக்கட்டும். கோடு ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்குத் துளை வழியாக இறங்கினால், திரும்பும் ஓட்டமும் இறங்குவதற்குப் பக்கத்திலேயே ஒரு கிரவுண்டுத் துளை இருக்கட்டும். மெல்லிய குறியைச் சுமக்கும் பகுதியையும் ஆரவாரமான பகுதியையும் பலகையின் வெவ்வேறு மூலைகளில் அமையுங்கள். அவற்றைப் பிரிப்பதற்காகக் கிரவுண்டை வெட்டாதீர்கள். பலகையை விட்டு வெளியேறும் கேபிளில் செய்திக் கம்பிகளை எண்ணும்போதே திரும்பும் கம்பிகளையும் எண்ணுங்கள். துடிப்பு எத்தனை வேகம் தேவையோ அதற்குமேல் வேகமான சிப்பை வாங்காதீர்கள். வரைந்து முடித்ததும், ஒவ்வொரு முக்கியமான கோட்டையும் விரலால் தொட்டு, 'இது போயிற்று. எந்த வழியாகத் திரும்பும்?' என்று ஒரு முறை கேளுங்கள். செய்த பலகையைச் சோதித்துப் பார்க்கச் சென்னைத் தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் போன்ற ஆய்வுக்கூடங்கள் உண்டு. ஆனால் அந்த ஒரு கேள்விக்கு ஆய்வுக்கூடமும் வேண்டியதில்லை, செலவும் இல்லை.

கண்ணுக்குத் தெரியும் கோட்டை வரைவது எளிது. தெரியாத வழியை நினைவில் வைத்து வரைவதே பொறியாளரின் தேர்ச்சி. 25,000 வோல்ட் ரயில் பாதையாயினும் மூன்று வோல்ட் சிப்பாயினும் இயற்கை ஒரே நியாயத்தைத்தான் வழங்குகிறது. அனுப்புகிறவனே திரும்பும் வழிக்கும் பொறுப்பாளி. அப்பொறுப்பை ஏற்று வரைந்த பலகையில் நூறு கோடுகள் நெருங்கி வாழ்ந்தாலும், ஒன்றின் பேச்சு மற்றொன்றின் காதில் விழாது.